எதிர்வெயில், கும்மிருட்டு, மார்கழிப் பனி: வீட்டுக் கேமராவை வெளிச்சத்துக்கு ஏற்றபடி சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் கேமரா மாட்ட வரும் தம்பி பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் வெயில் மேலே ஏறியிருக்கும். கேட், வாசல், தெரு எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே சீராக விழும். விலை குறைந்த கேமராகூட அப்போது பளிச்சென்று காட்டும். எல்லாம் தெரிகிறது என்று நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் வாசலில் நிறுத்திய சைக்கிளைக் காணவில்லை என்று பதிவைத் திறந்தால், எதிர்வெயிலில் ஒரு கறுப்பு உருவம் வருவதும் போவதும் மட்டும் தெரியும். ஆண் என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். கிழக்கே கடல், எழும் சூரியனை மறைக்க மேடு, மலை எதுவும் கிடையாது. வாசல் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளும் நிறைய. போதாததற்கு உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழிப் பனி. ஆனாலும் உடனே புதுக் கேமரா வாங்க ஓட வேண்டாம். கண்ணாடி, கோணம், அதற்குப் பிறகு செட்டிங் என்ற வரிசையில் போனால், இருக்கிற கேமராவே பெரும்பாலும் சரியாகிவிடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செட்டிங்கில் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருப்பார்கள், கேமரா கண்ணாடியில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

படி 1: கெட்ட நேரத்தில் படத்தைப் பாருங்கள்

டிவிஆர் அல்லது என்விஆரில் (கேமராப் படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டி) பிளேபேக்கைத் திறந்து, முந்தைய நாள் பதிவைக் கீழே சொல்லும் நேரங்களில் மட்டும் பாருங்கள்.

- சூரியன் எழுந்து முதல் ஒரு மணி நேரம். நம் பக்கம் மே கடைசியில் ஐந்தே முக்கால் வாக்கில் விடியும், ஜனவரியில் ஆறரை ஆகிவிடும்.
- மாலை நாலரையிலிருந்து ஆறு வரை. மேற்கு பார்த்த வீட்டுக்கு இதுதான் கண்டம்.
- பொழுது சாயும் அந்த இருபது நிமிடம். கலர் படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும் நேரம் அது.
- நடு இரவு, தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது.
- மின்தடை வந்த நேரம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதுவும். தெருவிளக்கை நம்பி இருக்கும் கேமராவின் வண்டவாளம் அப்போதுதான் தெரியும்.

வெறும் தெருவைப் பார்த்துப் பயனில்லை. பால்காரர், பேப்பர் போடும் பையன், கோலம் போட வரும் வீட்டு ஆள் என்று தெரிந்த முகம் ஒன்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவரை ஏற்கெனவே தெரியாத ஒருவர் அந்தப் படத்தை மட்டும் வைத்து அவரைப் பிறகு அடையாளம் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். நமக்குத் தெரிந்தவரை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம், போலீஸுக்கு அது உதவாது.

என்ன கோளாறு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: முகம் கறுப்பா, முகம் வெளுப்பா, படம் முழுக்கப் புள்ளி புள்ளியா, பட்டை பட்டையாக ஓடுகிறதா, புகை மூட்டமா, ஆள் நகரும்போது இழுபடுகிறதா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

படி 2: கண்ணாடியைத் துடையுங்கள்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஒரு மங்கல் படியுமே, அதே மங்கல்தான் கேமரா மேலும் மாதக்கணக்கில் படிந்துகொண்டே இருக்கிறது. பகலில் நேரான வெளிச்சத்தில் இது தெரியாது. காலை வெயில் சாய்வாகக் கண்ணாடியில் பட்டதும் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டும். அதைப் பார்த்துத்தான் பலர் கேமரா போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள்.

உலர்ந்த துணியால் நேராகத் தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் கண்ணாடியில் கீறல் போட்டுவிடும். முதலில் நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அது தன் பங்குக்கு வெள்ளைக் கறை வைக்கும். அப்புறம் கண்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். டோம் கேமராவின் அரைக்கோள மூடி பிளாஸ்டிக், அதனால் அமோனியா கலந்த ஜன்னல் கிளீனர் படக் கூடாது. நாளடைவில் மூடி மங்கிப்போகும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் மாதம் ஒருமுறையாவது இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

டோமைத் திறந்தால் இன்னொன்றையும் பாருங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு பஞ்சு அல்லது ரப்பர் வளையம் இருக்கும். அது மூடியோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் இரவில் ஐஆர் விளக்கின் ஒளி (இருட்டில் பார்ப்பதற்காகக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி) மூடிக்குள்ளேயே மோதி லென்ஸுக்குள் திரும்பும். படம் நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் மங்கலாகவும் வரும். வாங்கும்போது மூடிமேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டிய கேமராக்களும் உண்டு. சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டில் போய்ப் பாருங்கள்.

படி 3: கோணத்தை மாற்றுங்கள்

வேலையில் பெரும்பகுதி இங்கேதான். சூரியனை நேராகப் பார்க்கும் கேமராவை எந்த மெனுவும் முழுக்கக் காப்பாற்றாது.

சூரியன் எப்போதும் நேர் கிழக்கில் எழுவதில்லை. நம் ஊர் கிடக்கும் அட்சரேகையில், ஜூன் கடைசியில் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி எழும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி எழும். ஆக, ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் 48 டிகிரி அகலத்துக்கு அது இடம் மாறுகிறது. பங்குனியில் சரியாக வைத்த கோணம் மார்கழியில் ஏன் கெடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். வீட்டில் பரவலாகப் போடும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 டிகிரியைத் தாண்டிய அகலத்தைப் பார்க்கும். கிழக்கு நோக்கி வைத்தால் ஆண்டில் எல்லா நாளும் சூரியன் அதன் சட்டத்துக்குள்தான் எழும்.

இதிலிருந்து நம் பகுதிக்கு ஒரு நல்ல விதி கிடைக்கிறது: முடிந்தால் கேமரா வடக்கு நோக்கிப் பார்க்கட்டும். கோடையில் உச்சிவெயில் நமக்கு வடபுறம் சாயும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும், கீழ்நோக்கிப் பார்க்கும் கேமராவில் படாது. தெற்கு நோக்கி வைத்தால் ஐப்பசி முதல் தை வரை பகல் முழுக்க வெயில் கண்ணாடியில் படும். படத்துக்குள் சூரியன் வராவிட்டாலும் மங்கல் வரும்.

கிழக்கு வாசல் வீட்டில் இதை எப்படிச் செய்வது? போர்ட்டிகோவின் நடுவில் தெருவைப் பார்த்து மாட்டுவதுதான் வழக்கம். அதை விட்டுவிட்டு, முன்சுவரின் தென்கோடியில் மாட்டி, கேட்டை வடக்கு நோக்கிக் குறுக்காகப் பார்க்கும்படி திருப்புங்கள். உள்ளே வருபவரின் முகம் பக்கவாட்டில் தெரியும், எதிர்வெயில் இருக்காது. நேர்முகமும் வேண்டுமென்றால் இரண்டாவது கேமராவை வீட்டுக்குள் நிழலில், கதவைத் தாண்டியதும் முகம் படும் உயரத்தில் வையுங்கள். இரண்டு சுமாரான கேமரா சரியான இடத்தில் இருந்தால், தவறான இடத்தில் தொங்கும் ஒரு விலையுயர்ந்த கேமராவைவிட மேல்.

இடம் மாற்ற வழியே இல்லை என்றால்:

- படத்தில் வானம் கால்பங்குக்கு மேல் இல்லாதபடி கேமராவைத் தாழ்த்துங்கள். வானம் பிரகாசமாக இருந்தால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், ஆள் கறுத்துப்போவார். கடற்கரைச் சாலைப் பக்க வீடுகளில் வானத்தோடு கடலும் மின்னும், அங்கே இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.
- எட்டு முதல் பத்து அடி உயரம் போதும். பதினைந்து அடியில் மாட்டினால் வானம் குறையும், ஆனால் முகத்துக்குப் பதில் உச்சந்தலைதான் பதிவாகும்.
- புல்லட் கேமராவின் (குழாய் வடிவக் கேமரா) மேல் இருக்கும் மூடியை முன்னே தள்ளி நிழல் கொடுங்கள். ரொம்பத் தள்ளினால் இரவில் ஐஆர் ஒளி அந்த மூடியின் அடியில் பட்டுப் படத்தின் மேல்பகுதி வெளுக்கும். பகலில் தள்ளிவிட்டு, இரவில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யுங்கள்.
- லென்ஸை 4 அல்லது 6 மி.மீ.க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அகலம் குறையும்போது வானமும் குறையும், முகமும் பெரிதாகும். ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் துறையில் பின்பற்றும் சர்வதேச அளவு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். அப்படியானால் 2.8 மி.மீ. லென்ஸில் சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் முகம், வெளிச்சம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த அளவுக்குத் தேறாது.

படி 4: மெனுவைக் கண்டுபிடியுங்கள்

மொபைல் ஆப்பில் இந்த செட்டிங் பாதிக்கு மேல் இருக்காது. ஐபி கேமரா (நெட்வொர்க்கில் இணையும் வகை) என்றால் கம்ப்யூட்டர் பிரவுசரில் கேமராவின் ஐபி முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். ‘இமேஜ்’ அல்லது ‘கேமரா’ என்ற பகுதியில் எல்லாம் இருக்கும். டிவி கேபிள் போன்ற கோஆக்ஸ் வயரில் ஓடும் கேமரா என்றால் டிவிஆரில் ‘பிடிஇஸட்’ என்ற பக்கத்தைத் திறந்து ‘மெனு’ பட்டனை அழுத்தினால், கேமராவின் சொந்த மெனு திரையில் வரும். அட்மின் பாஸ்வேர்டு மாட்டியவரிடமே இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கேமராவின் சாவி வேறொருவர் கையில் இருப்பது வெளிச்சப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள்.

படி 5: எதிர்வெளிச்சத்துக்கு டபிள்யூடிஆர், பிஎல்சி, ஹெச்எல்சி

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் அடர்ந்த நிழல், இரண்டடி தள்ளித் தெருவில் சுள்ளென்ற வெயில். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு இதைவிடக் கடினமான காட்சி கிடையாது. தெருவுக்கு ஏற்ப வைத்தால் திண்ணை இருளும், திண்ணைக்கு ஏற்ப வைத்தால் தெரு வெளுத்துக் காணாமல் போகும்.

டபிள்யூடிஆர் இதற்காகவே வந்தது. ஒரே காட்சியைக் குறைந்த ஒளியிலும் கூடிய ஒளியிலும் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். கேமரா அட்டைப்பெட்டியில் 120 டெசிபல் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகை. ‘டிஜிட்டல் டபிள்யூடிஆர்’ அல்லது ‘டிடபிள்யூடிஆர்’ என்று மட்டும் இருந்தால், எடுத்த ஒரே படத்தின் இருட்டுப் பகுதியை மென்பொருள் தூக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம்; உதவும், ஆனால் புள்ளிகளும் கூடவே வரும்.

செய்முறை: காலை ஏழு மணிக்கு, வெயில் எதிரே இருக்கும்போது, ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். டபிள்யூடிஆரை ஆன் செய்து அளவை 50-இல் வையுங்கள். முகம் இன்னும் கறுப்பாக இருந்தால் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். முகத்தில் கண், மூக்கு பிரிந்து தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஏற்றினால் படம் சாம்பல் பூத்து, கறுப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி ஆகும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சரியாக வைத்த டபிள்யூடிஆர் படம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

பிஎல்சி என்பது பழைய முறை. படத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி, இந்த இடத்துக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் போதும், மற்றது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று கேமராவிடம் சொல்வது. டபிள்யூடிஆர் இல்லாத கேமராவில் இதுதான் கை கொடுக்கும். கட்டத்தைக் கதவு நிலைமேல், ஆள் முகம் வரும் உயரத்தில் வையுங்கள்.

ஹெச்எல்சி இதற்கு நேர் எதிர். வண்டி ஹெட்லைட் போன்ற கூசும் வெளிச்சத்தை அடக்கும். தெரு முட்டும் இடத்தில் வீடு இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு இருந்தால், இரவில் மட்டும் இதைப் போடுங்கள். பல மாடல்களில் இந்த மூன்றில் ஒன்றை ஆன் செய்தால் மற்றது தானாக அணைந்துவிடும், கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

இரவிலும் டபிள்யூடிஆர் ஓடினால் படத்தில் புள்ளி கூடும், நகரும் ஆளுக்கு நிழல் வால் முளைக்கும். பகல், இரவு என்று தனித்தனி செட்டிங் வைக்கும் வசதி இருந்தால் பகலுக்கு மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு எந்த நேரம் முக்கியமோ அதற்கு விட்டுக்கொடுங்கள்.

படி 6: ஷட்டரும் 50 ஹெர்ட்ஸும்

படத்தில் பட்டை பட்டையாக மேலும் கீழும் ஓடினால், கேமரா 60 ஹெர்ட்ஸ் அல்லது என்டிஎஸ்சி என்று இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 50 ஹெர்ட்ஸ் அல்லது பிஏஎல் என்று மாற்றினால் பட்டை போய்விடும்.

ஷட்டரை ‘ஆட்டோ’வில் விட்டால் இரவில் கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து வெளிச்சம் திரட்டும். அசையாத தெரு பகல் மாதிரித் தெரியும், நடந்து போகிறவர் புகையாகத் தெரிவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 1/25 நொடியில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அதற்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் முகம் கரைந்துவிடும். ஆகவே அதிகபட்ச அளவை 1/25 என்று கட்டிப்போடுங்கள். வாசலில் நல்ல விளக்கு இருந்தால் 1/50 இன்னும் நல்லது. ‘ஸ்லோ ஷட்டர்’ என்று தனியாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பைக் எண் படிக்க வேண்டும் என்றால் இது போதாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1/25 நொடியில் ஓர் அடிக்கு மேல் நகர்கிறது. 1/250 அல்லது 1/500 வேண்டும். அந்த வேகத்தில் மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். 2019 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த வண்டிகளில் இருக்கும் உயர் பாதுகாப்பு எண் பலகை ஒளியைத் திருப்பி அனுப்பும் வகை. சாதாரண ஐஆர் செட்டிங்கில் அது வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும், வேகமான ஷட்டரில்தான் எழுத்து பிரியும். முகத்துக்கும் எண்ணுக்கும் ஒரே கேமராவை நம்பாதீர்கள்.

படி 7: இரவு, ஐஆர் தொல்லைகள்

“அண்ணே, ராத்திரி முழுக்க வெள்ளையா ஏதோ கேமரா முன்னாடி பறக்குது, பொம்பளைங்க பயப்படுறாங்க” என்று சொல்லும் வீடுகள் உண்டு. போய்ப் பார்த்தால் ஒற்றைச் சிலந்தி நூல்தான். பகலில் கண்ணுக்கே தெரியாது. லென்ஸிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் தொங்கும். இரவில் ஐஆர் அதன்மேல் முழு பலத்தோடு பட, காற்றில் ஆடும்போது படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளைத் துணி வீசுவதுபோல் இருக்கும். அசைவு அலாரம் விடிய விடிய அடிக்கும். ஐஆர் விளக்கின் இதமான சூட்டுக்கும் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் சிலந்தியும் பல்லியும் வந்து குடியேறுவதால், துடைத்தாலும் சில நாளில் திரும்ப வரும்.

நிரந்தரத் தீர்வு, விளக்கையும் கண்ணையும் பிரிப்பது. கேமராவின் உள் ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கு ஒன்றை ஐந்தாறு அடி தள்ளி மாட்டுங்கள். பூச்சி அங்கே போகும், படம் தெளிவாக இருக்கும். மழைநாளிலும் இது உதவும். ஒளி லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பாததால் மழைத்துளிகள் வெள்ளைக் கோடுகளாகப் படத்தை மறைக்காது. தனி விளக்கு வாங்கும்போது 850 நானோமீட்டர் என்றால் லேசான சிவப்புக் கனல் தெரியும், தூரம் போகும். 940 என்றால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் தூரம் குறையும். வீட்டு வாசலுக்கு 850 போதும்.

அடுத்த பெரிய தொல்லை, பக்கத்தில் இருக்கும் பொருள். சன்ஷேடின் அடிப்பகுதி, வெள்ளையடித்த மதில், கேமரா முன் தலைநீட்டும் காகிதப்பூக் கிளை, தென்னங்கீற்று. தூரம் பாதியானால் ஒளி நாலு மடங்கு என்பதால், பக்கத்துச் சுவர் கொதிக்கும் வெள்ளையாகி, கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்க, கேட்டில் நிற்பவர் இருட்டில் மூழ்கிவிடுவார். இலைகள் ஐஆரில் வெள்ளையாகவே தெரியும், ஆகவே செடி இன்னும் மோசம். கிளையைக் கழியுங்கள். சுவர் படத்துக்குள் வராதபடி கேமராவைத் திருப்புங்கள் அல்லது ஒரு நீட்டுக் கம்பி வைத்து ஓரடி முன்னே கொண்டுவாருங்கள்.

கேட்டுக்கு வருபவர் கேமராவை நெருங்க நெருங்க முகம் வெளுத்துப்போனால் ‘ஸ்மார்ட் ஐஆர்’ என்பதை ஆன் செய்யுங்கள். பக்கத்தில் ஆள் வந்ததும் விளக்கின் பலத்தைக் குறைக்கும். கையால் அளவு வைக்கும் வசதி இருந்தால், ஆளைக் கேட்டில் நிறுத்தி, முகம் பிரிந்து தெரியும் வரை இறக்குங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்கும் கேமராவில் ஐஆரை அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுக்கக் கண்ணாடியின் பிரதிபலிப்பைத்தான் பதிவு செய்யும். வெளியே ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள்.

ஐஆர் பதிவில் துணியின் நிறத்தை நம்ப வேண்டாம். கறுப்புச் சட்டை பல நேரம் வெளிர்நிறமாகத் தெரியும். நிறம் முக்கியம் என்றால் வெள்ளை விளக்குதான் வழி. என் விருப்பமும் அதுதான்: வாசலில் 9 அல்லது 12 வாட் எல்இடி பல்பு ஒன்றை, கேமராவுக்குப் பின்னால் அல்லது மேலே, படத்துக்குள் விழாமல் எரியவிடுங்கள். கேமராவை நைட் மோடுக்குப் போகாமல் ‘கலர்’ என்று கட்டுங்கள். மாதம் முழுக்க எரிந்தாலும் 9 வாட் பல்பு, இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால், மூன்றேகால் யூனிட்தான். வரும் ஆளுக்கும் இங்கே விழித்திருக்கிறார்கள் என்று தெரியும். பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவில் அவர்கள் ஜன்னல் விழுந்தால் ‘பிரைவசி மாஸ்க்’ போட்டு மறைத்துவிடுங்கள்.

படி 8: கெயினும் டிஎன்ஆரும்

இருட்டில் படம் எறும்பு மொய்ப்பதுபோல் இருந்தால் கெயின் (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு) உச்சத்தில் இருக்கிறது. அதிகபட்ச கெயினைப் பாதிக்குச் சற்று மேலே கட்டிப்போட்டு, குறையும் வெளிச்சத்தை விளக்கால் ஈடுகட்டுங்கள். டிஎன்ஆர் புள்ளிகளை அழிக்கும், ஆனால் அதிகமாக வைத்தால் முகத்தின் விவரத்தையும் சேர்த்து அழித்துவிடும், நடப்பவருக்குப் பின்னால் ஆவி மாதிரி ஒரு சாயல் வரும். நடுமட்டத்திலேயே வையுங்கள். புள்ளி குறைந்தால் ஹார்ட் டிஸ்கிலும் கூடுதல் நாள் பதிவு நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியையும் அசைவு என்று நினைத்துத்தான் கேமரா இடத்தைத் தின்கிறது.

படி 9: பகல் இரவு மாறும் நேரம்

பொழுது சாயும்போது படம் கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாறி மாறித் தாவும். ‘டிக் டிக்’ என்று உள்ளே சத்தம்கூடக் கேட்கும். ஐஆர் எரிந்ததும் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கேமரா பகல் என்று எண்ணிக்கொள்கிறது, உடனே ஐஆரை அணைக்கிறது, இருட்டானதும் மறுபடி எரிக்கிறது. போகிற வண்டியின் ஹெட்லைட்டும் இதையே செய்யும். சுவரை விலக்கிய பிறகும் தொடர்ந்தால், டே/நைட் பகுதியில் மாறும் தாமத நேரத்தைக் கூட்டுங்கள், உணர்திறனை ஒரு படி குறையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் நேர அட்டவணை போடுங்கள்: மாலை ஆறரைக்கு இரவு, காலை ஆறுக்குப் பகல். மழைக்காலத்தில் சீக்கிரம் இருட்டும், அரை மணி முன்னே தள்ளிக்கொள்ளலாம்.

இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து வந்தால் அது வெளிச்சக் கோளாறே இல்லை. ஐஆர் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். அடாப்டர் பலவீனமாகவோ வயர் நீளமாகவோ இருந்தால் 12 வோல்ட் மின்சாரம் கேமராவுக்குப் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். இருட்டிய பின் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்த வயர் இணைப்பு முனையும் (பின்) பல நேரம் இதே வேலையைச் செய்யும். பின்னை மாற்றி, இணைப்பை நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

படி 10: பருவம் மாறும்போது

மார்கழி, தை விடியலில் பெண்ணையாற்றங்கரைப் பக்கமும் வயல்வெளி ஒட்டிய நகர்களிலும் பனி இறங்கும். ‘டீஃபாக்’ என்பதை அந்த மாதங்களுக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். மற்ற நாளில் அது நிறத்தைக் கெடுக்கும். பனியில் ஐஆர் வெள்ளைத் திரையாகத் திரும்பி வரும் என்பதால், இங்கேயும் தள்ளி வைத்த விளக்குதான் நல்லது. மூடிக்கு உள்ளே நீராவி கட்டினால் வாஷர் போய்விட்டது. வெயில் நாளில் திறந்து காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, புது வாஷரோடு மூடுங்கள்.

2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டுமே நம் கரையைத் தாக்கிய புயல்கள். அப்படி ஒரு காற்று அடித்த பிறகு கேமரா உடையாமல் இருந்தாலும் கோணம் திரும்பியிருக்கும். மின்சாரம் வந்ததும் படம் வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், போனில் எடுத்துவைத்த பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். மழை நின்ற ஈரச் சாலையில் தெருவிளக்கு மின்னி வெளிச்சம் தாறுமாறாகும். அதற்காக செட்டிங்கை மாற்ற வேண்டாம், காய்ந்ததும் சரியாகிவிடும். வைகாசி, புரட்டாசி, மார்கழி என்று ஆண்டுக்கு மூன்று முறை காலைப் பதிவைப் பார்த்துக் கோணத்தைத் திருத்தினால் போதும்.

எப்போது புதுசு வாங்கலாம்?

மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் வாசலில் நிற்பவர் தெரியவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். அப்போது மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே அளவு சென்சாரில் பிக்சல் கூடக் கூட ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். இருட்டில் 2 மெகாபிக்சல் கேமரா பல நேரம் 8 மெகாபிக்சலைவிட நன்றாகவே காட்டும். சென்சார் பெரியதா, லென்ஸ் எஃப் 1.0 அல்லது 1.6 போலச் சின்ன எண்ணா (எண் சின்னதானால் ஒளி கூடுதலாக உள்ளே வரும்), டபிள்யூடிஆர் 120 டெசிபலா, ஐபி 67 தரமா (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று கேளுங்கள். கடற்கரை வீட்டுக்கு உடல் உலோகமா பிளாஸ்டிக்கா என்பதும் முக்கியம். உலோகம் என்றால் திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடைக்காரரிடம் அதே மாடலின் இரவுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். நின்றுபோன படம் வேண்டாம், ஆள் நடக்கும் வீடியோவாக இருக்க வேண்டும். அதை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.